ஒன்பதாம் கதவு

வசந்தா, முதலில் உட்கார். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வா. இதை நின்றுகொண்டு படிக்க முடியாது. எனக்கோ இதை உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய்ச் சாமித் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். உன் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தபடி, "என்ன, அது றெக்கை மொளச்சுப் பறந்திருமா?" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். முருகன் படத்துக்கு முன்னால், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, சணல் கட்டி, மேலே விபூதி இட்டு ஒன்று இருக்கிறது. 'பன்னிரண்டு கதவு', ஒன்பதாவது புத்தகம். வந்துவிட்டது வசந்தா, வந்தேவிட்டது!

நேற்றுப் பூசைச் சாமான் வாங்கப் பதுளைக்குப் போனேன். பசறை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் புத்தகமும் பீங்கானும் ஒன்றாக விற்கிற கடை இருக்கிறதே, அந்த முஸ்லிம் நானாவின் கடை, அங்கே கயிற்றில் தொங்கிய புத்தகங்களுக்கு நடுவே அந்தப் பெயர் கண்ணில் பட்டது. பெயரைப் பார்த்தேனோ இல்லையோ, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அட்டையில் படம் போட்டிருப்பார்கள் அல்லவா? அந்தப் படமே கதையைச் சொல்லிவிடும். "என்ன தங்கச்சி, கண்ணுல தூசா?" என்றார் நானா. "இல்ல நானா, அந்தப் புத்தகத்த எடுத்து அப்படியே சுத்திக் குடுங்க. படத்த எனக்குக் காட்டிராதீங்க." அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பயப்படுற படம் ஒண்டும் இல்லியே, ஒரு கதவுதான் போட்டிருக்கான், அது..." என்று தொடங்கினார். நான், "ஐயோ, தொறந்திருக்கா மூடியிருக்கான்னு மட்டும் சொல்லிராதீங்க!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வயதில், கையில் கற்பூரமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு, நடுக்கடையில் கண்ணை மூடிக் கத்தியவள் உன் அம்மாதான். வெட்கமே வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். கொழும்பில் உங்களுக்குக் கிடைத்த மாடி வீட்டைப் பற்றி நீ முதலில் எழுதியபோது எனக்கு எவ்வளவு குதூகலம் என்று உனக்குத் தெரியும். என் மகள் மூன்றாம் மாடியில்! படிக்கட்டு, ஒரே நடை, வரிசையாகக் கதவுகள்! ஆனால் இந்தக் கடிதத்தில் நீ வேறு மாதிரி எழுதியிருக்கிறாய். பக்கத்துக் கதவு ஜெசிமாவின் பிள்ளைகள் செருப்பை உன் வாசலில் கழற்றிப் போட்டதும், நீ அதைக் காலால் ஒதுக்கித் தள்ளியதும், அதை அவள் பார்த்துவிட்டதும், அன்று முதல் பேச்சு நின்றுபோனதும். "அவங்க கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கு, நானும் சாத்தியே வைக்கிறேன். அவர் வேலைக்குப் போனால் பகல் முழுக்க ஒரு வாய்ப் பேச்சுக்கு ஆள் இல்லை. வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டேன்." இதுதானே நீ எழுதியது? வீடு மாறலாம். அது உங்கள் இரண்டு பேர் விருப்பம். அதற்கு முன்னால் ஒரு கதையை உனக்குச் சொல்ல வேண்டும். அது நடந்தபோது நீ பதுளையில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் முழுவதும் சொன்னதில்லை.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நீயும் நம் அடுப்படிக் குசினித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நான் கதை வாசிக்கக் கேட்டவள்தான். நான் பள்ளிக்கூடம் போகாதவள். மனப்பாடமாகத் தெரிந்த சாமி பாட்டுகளை அச்சில் விரல் வைத்துத் தொட்டுத் தொட்டு எழுத்தைப் பிடித்தவள். சாமி பாட்டுக்கு அடுத்தபடி நான் முழுதாகப் படித்தது பன்னிரண்டு கதவின் முதல் புத்தகம். மதராசில் ஒரு மாடிக் கட்டடம். அதில் பன்னிரண்டு குடித்தனம். ஒரு புத்தகத்துக்கு ஒரு கதவு. ஒரு கதவின் கதை முடிகிற இடத்தில் அடுத்த கதவு லேசாகத் திறக்கும், அதோடு புத்தகம் தீர்ந்துவிடும். யார் எழுதினாரோ, அந்த மனிதருக்கு ஒரு தாயின் மனசு. வீட்டுக் கணக்கில் இந்தப் புத்தகச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் 'மருந்து' என்று எழுதி வைத்தேன். அடுத்தடுத்து வந்தவையும் மருந்தாகவே ஏறின. மாதக் கடைசியில் அப்பா கணக்கைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல யாருக்கு இம்புட்டு நோய்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பதுளைக்குப் போனால் அவரே மருந்து வாங்கி வருவார்.

அப்பா கணக்கப்பிள்ளை, நமக்குத் தனிக் குவாட்டர்ஸ். ஆனால் கதை கேட்க, வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் வேலை இல்லாத நாள் பிற்பகலில் குசினிப் பக்கம் வந்துவிடுவார்கள். அவர்களில் ராக்கம்மாவையும் லெட்சுமியையும் நீ மறந்திருக்க மாட்டாய். பக்கத்துப் பக்கத்துக் காம்பிரா, இரண்டு அறைக்கும் ஒரே சுவர். ஒருத்தி பேசினால் மற்றவள் வெட்டுவாள், இருவரும் இல்லாவிட்டால் கதை ருசிக்காது. மாடி வீடு என்றால் என்னவென்று எனக்கே தெரியாது. தெரிந்ததை வைத்து, கொழுந்து அரைக்கிற நம் தேயிலை ஸ்டோர் மாதிரி மேலுக்கு மேல் மாடி இருக்கும் என்று சொல்லி வைத்தேன். ராக்கம்மா விடவில்லை. "ஸ்டோரு மேல் மாடியில கொழுந்தத்தானேம்மா வாடப் போடுவாங்க? அங்க மனுசரப் போட்டா வாடிப் போயிற மாட்டாங்களா?" உடனே லெட்சுமி, "ஒன்னயப் போட்டா மாடிதான்டி வாடும்" என்றாள். பிறகு அவளே எல்லாருக்கும் விளக்கம் சொன்னாள். "நம்ம லயத்த அப்படியே தூக்கி நிமித்தி வையி, அதான் மாடி வீடு. நமக்கும் பன்னெண்டு கதவு, அவங்களுக்கும் பன்னெண்டு கதவு. என்ன, மேல இருக்கவ ஊத்துற தண்ணி கீழ இருக்கவ தலையில விழும்."

ஒரே ஒரு இடத்தில்தான் யாரும் வேடிக்கை பேசவில்லை. "அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு கதவும் பகலெல்லாம் சாத்தியே இருக்கும்" என்று ஒரு வரி. நான் வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். ராக்கம்மா மெதுவாகக் கேட்டாள், "ஏம்மா, எல்லாருமே இந்தியாவுக்குப் போயிட்டாங்களா?" நம் லயத்தில் பகலில் கதவைச் சாத்துகிற வழக்கம் ஏது? கோழியும் பிள்ளையும் வெயிலும் போய் வர அது திறந்தே கிடக்கும். அந்த வருடங்களில் பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால் அர்த்தம் ஒன்றுதான். அந்தக் குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வந்து, மூட்டை கட்டி ரயில் கோச்சி ஏறிவிட்டது. பட்டணத்தில் ஆள் உள்ளே இருக்கும்போதே கதவைச் சாத்துவார்கள், அது கோபமில்லை, அது அங்கே வழக்கம் என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. நீயும் லயம் பார்த்து வளர்ந்தவள்தானே வசந்தா. சாத்திய கதவைப் பார்த்தால் உனக்கும் யாரோ போய்விட்டது போலத்தான் இருக்கும். ஜெசிமா கதவைச் சாத்துவது உன் முகத்தில் சாத்துவது என்று எண்ணிவிடாதே.

எட்டாவது புத்தகத்துக்கு வருகிறேன். எட்டாம் கதவில் ராஜம். அவளுக்கு அடுத்த ஒன்பதாம் கதவில் மேரி. இருவருக்கும் குழாயடியில் மனக்கசப்பு வந்து, வெகுநாளாகப் பேச்சு இல்லை. ராஜத்தின் புருசனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். சாமான் எல்லாம் ஏற்றி லாரி கீழே நிற்கிறது. ராஜம் கடைசியாக வெளியே வந்து தன் கதவைப் பூட்டுகிறாள். ஒன்பதாம் கதவுக்கு உள்ளே மேரி நிற்கிறாள். அவள் கை தாழ்ப்பாளின் மேல் இருக்கிறது. அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது! "என்னம்மா இது? அம்புட்டுதானா? தாளத் திருப்புங்க!" என்றாள் லெட்சுமி. திருப்பினேன். பின்னட்டையில் தலைவலித் தைல விளம்பரம். "அவனே தலைவலியக் குடுத்துட்டுத் தைலமும் விக்கிறான்" என்றாள் ராக்கம்மா. அடுத்த புத்தகம் வரும் வரும் என்று காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து இந்தியாவிலிருந்து கதைப் புத்தகம் வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். மேரியின் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது.

அது மாசி மாதம், தோட்டத்தில் காமன் கூத்து நடந்து முடிந்த சூடு ஆறவில்லை. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் எதிரெதிரே நின்று லாவணி பாடுவார்களே, அதே மாதிரி நம் குசினித் தாழ்வாரமும் இரண்டாகப் பிரிந்தது. கதவு திறந்தது என்று ஒரு கட்சி. திறக்கவில்லை என்று ஒரு கட்சி. கொழுந்து மலையிலும் அதே பேச்சு, குழாயடியிலும் அதே பேச்சு. அப்பா ஆள் பேர் பதிகிற பெரட்டுக் களத்திலிருந்து வந்து, "இன்னைக்கு ரெண்டு பேரு கொழுந்து நிறுக்கிற எடத்துல மேரிக்காகச் சண்டை போடுறாங்க. யாரு அந்த மேரி, பேரு செக்ரோல் பதிவுல இல்லியே?" என்றார். எனக்கு அந்த நாட்களில் தூக்கமே பிடிக்காது, அவ்வளவு உற்சாகம். அம்மா, நீங்களே முடிவு சொல்லுங்க என்று கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். அடுத்தவர் கட்டின வீட்டில் நான் எப்படிக் கதவைத் திறப்பது?

அதற்கிடையில்தான் நிஜமான சண்டை வந்தது. லெட்சுமி லயத்துக் கோடியில் பந்தல் போட அவரை விதை ஊன்றியிருந்தாள். ராக்கம்மாவின் கோழி அதைக் கிளறிவிட்டது. கோழியில் தொடங்கிய பேச்சு கோழியோடு நிற்கவில்லை. ஒருத்தியின் பிள்ளை இல்லாக் குறையும் மற்றவளின் புருசன் குடியும் வெளியே வந்துவிட்டன. அன்று முதல் இருவருக்கும் பேச்சு அற்றுப்போனது. கதை கேட்க மட்டும் வருவார்கள், ஆளுக்கொரு மூலையில். புதுப் புத்தகம் இல்லாததால் பழையதையே முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் ராக்கம்மா குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போக நாள் குறித்து வந்தது.

புறப்படுவதற்கு முந்திய நாள் பிற்பகல் எல்லாரும் வந்திருந்தார்கள். ராக்கம்மா கேட்டதால் எட்டாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மறுபடி வாசித்தேன். வாசித்து முடித்ததும் அவள் என்னைப் பார்த்தபடியே பேசினாள். லெட்சுமி பக்கம் தலையைத் திருப்பவில்லை.

"மேரி கதவத் தொறந்திருப்பாம்மா. மனசுள்ளவ."

லெட்சுமியும் என்னைப் பார்த்தபடியே பேசினாள். "ஏன் தொறக்கணும்னு கேளுங்கம்மா. போறவதானே வந்து தட்டணும்? போறவளுக்குக் கையில்லியா?"

"போறவ கையில மூட்டை இருக்குன்னு சொல்லுங்கம்மா."

"ஒரு மூட்டைய எறக்கி வச்சா கோச்சி போயிருமான்னு கேளுங்க."

"வருசக்கணக்கா ஒரே செவுத்துல சாஞ்சிருந்தவ, போறவ தட்டுற வரைக்குமா உள்ள நிப்பான்னு கேளுங்க."

லெட்சுமி சட்டென்று எழுந்தாள். சேலையை உதறிக்கொண்டு, "தொறக்க மாட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். முடிவு சொல்லாவிட்டாலும் நானும் 'திறந்தது' என்ற கட்சிதான். ஆனால் அவள் பின்னால் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கதை கேட்பது போலவே அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக லயத்து வாசலில் லொறி வந்து நின்றது. அழுகையும் கட்டிப்பிடிப்பும் உனக்குத் தெரியாததா? ஆனால் அன்று ஒரு விசித்திரம். கூடி நின்ற பெண்கள் பாதிப் பேர் ராக்கம்மாவைப் பார்க்கவில்லை, லெட்சுமியின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது சாத்தியிருந்தது. ராக்கம்மா தன் காம்பிராவைக் கூட்டிப் பெருக்கி, வாசலில் கடைசியாக ஒரு கோலம் இழுத்து, கதவைச் சாத்தினாள். ஒரு மூட்டையை வேண்டுமென்றே மெதுவாகக் கீழே வைத்தாள். லெட்சுமியின் கதவருகே போய் நின்றாள். இப்போது இவள் தட்டுவாள், இப்போது அவள் திறப்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தட்டினாள் வசந்தா! ஒரு தரம், இன்னொரு தரம். கதவு திறக்கவில்லை. யாரோ பின்னால் திறக்காத கட்சிக்காரி, "நான் சொன்னேன்ல?" என்று முணுமுணுத்தாள். ராக்கம்மா மூட்டையை எடுத்துக்கொண்டு லொறியில் ஏறினாள். அவள் அழவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

பதுளைக் கோச்சி ஸ்டேசன் வரை வழியனுப்ப நானும் லொறியில் ஏறியிருந்தேன். ஸ்டோரைத் தாண்டிப் பெரிய முடக்கு வளைவில் திரும்பியதும் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். நடு ரோட்டில் கையை விரித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். பனியில் நனைந்து, முழங்கால் வரை சேறு, தலையெல்லாம் தேயிலைச் சருகு. லெட்சுமி! இருட்டோடு எழுந்து மலைக் குறுக்குப் பாதையில் இறங்கி வந்து அங்கே காத்திருந்திருக்கிறாள். அத்தனை பேர் முன்னால் லயத்து வாசலில் கதவைத் திறந்து வர அவளுக்குக் கூச்சம். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து பார்த்த கதவுக்கு உள்ளே ஆளே இல்லை! திறந்த கட்சியும் தோற்றது, திறக்காத கட்சியும் தோற்றது. அவள் லொறிப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு துணி முடிச்சை ராக்கம்மாவின் மடியில் எறிந்தாள். "இந்தா, அவரை வெதை. ஒங் கோழி கிளறினது போக மிச்சம்." ராக்கம்மா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, "நான் ஒங் கதவத் தட்டுனேன்டி" என்றாள். "தட்டுனியா? நெசமாவா?" என்று லெட்சுமி என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டியதும் அவள் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது. டிரைவர், "கோச்சி நமக்காக நிக்காதும்மா!" என்று சத்தம் போட்டார். லொறி நகர்ந்தபோது ராக்கம்மா எட்டிப் பார்த்துக் கத்தினாள், "அடுத்த புஸ்தகம் வந்தா நான் இல்லாமப் படிச்சிராதீங்க!"

எப்படிப்பட்ட கட்டளை பார்த்தாயா! கடலுக்கு அந்தப் பக்கம் போகிறவள் இப்படிச் சொல்லிவிட்டுப் போகலாமா? கோத்தகிரிப் பக்கம் அவள் இருக்கிறாள், அவரை அங்கே நன்றாகக் காய்க்கிறது என்று ஆள் மூலம் ஒரு சேதி வந்தது, அவ்வளவுதான். அதனால்தான் நேற்றிலிருந்து இந்தப் பொட்டலம் சாமித் தட்டில் கிடக்கிறது. நேற்றே லெட்சுமிக்குச் சொல்லி அனுப்பினேன். கொழுந்துச் சாக்கைக்கூட இறக்கி வைக்காமல் ஓடி வந்தாள். பொட்டலத்தை மோந்து பார்த்தாள். "பிரிங்கம்மா" என்றாள். நான் சணலில் கை வைத்ததும், "வேணாம், வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளே முடிவு சொன்னாள். "அவ வர முடியாது. ஆனா அவ எடம் சும்மா கெடக்கக் கூடாது. அந்த எடத்துல யாராச்சும் ஒருத்தி ஒக்காரணும். அப்பதான் படிக்கணும்." யார் என்று கேட்டேன். "நம்ம லயத்துல ஆருக்கும்மா இப்ப நேரம்? எல்லாரும் புது ஆளுக. கதையே தெரியாது" என்றாள். அப்போது உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். செருப்பைக் காலால் தள்ளிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கோழி, செருப்பு! எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். பிறகு, "கெளம்புங்கம்மா, நானும் வாறேன். நிமித்தி வச்ச லயத்த நான் பாக்கணும்" என்றாள்.

ஆகவே மகளே, வருகிற வெள்ளி பூசை முடித்து, சனி காலைக் கோச்சியில் நானும் லெட்சுமியும் ஏறுகிறோம். அப்பா வீட்டைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு இப்போதே பொட்டலத்தின் மேல் ஒரு கண், அதனால் இந்தக் கடிதத்துக்கு நடுவே எழுந்து போய் அதைப் பையில் போட்டு, பையின் வாயை ஊசியால் தைத்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளையிடம் ஸ்டேசனுக்கு வரச் சொல். உன் மாடியில், உன் நடையில், அந்த வரிசைக் கதவுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒன்பதாம் கதவைப் பிரிக்கப் போகிறோம். மேரி என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரியாமல் இருப்பதே எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது!

உனக்கு ஒரு வேலை மட்டும் தருகிறேன். ஜெசிமா கதவைத் திறப்பாளா என்று உள்ளிருந்து காது கொடுத்துக்கொண்டு நிற்காதே. நாங்கள் ஒரு லயமே கூடி நின்று கதவையே பார்த்து ஏமாந்தோம். ஒரு தரம் தட்டித் திறக்காவிட்டால் அவள் கோபம் என்று திரும்பிவிடாதே. தண்ணீர் பிடிக்கப் போயிருக்கலாம், தொழுதுகொண்டிருக்கலாம், யார் கண்டது, உனக்காகவே எந்த முடக்கிலாவது நிற்கலாம். படிக்கட்டில் மறித்துப் பேசு. என்ன பேசுவது என்று திகைக்காதே. உன் வீட்டில் நாற்காலி மூன்றுதான் என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு ஒன்று, லெட்சுமிக்கு ஒன்று, உனக்கு ஒன்று. ஊரிலிருந்து ஆள் வருகிறார்கள், ஒரு நாற்காலி வேண்டும் என்று அவளிடம் கேள். அவள் கொண்டுவந்து போட்டதும், அதிலேயே அவளை உட்காரச் சொல்.

வீடு மாறுவதைப் பற்றி, புத்தகம் முடிந்த பிறகு பேசலாம். அதற்குப் பிறகும் மூன்று கதவு இருக்கிறது.

இப்படிக்கு, பையைத் தைத்த ஊசியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா